வில்லெடுத்து மலையேறியவர்கள்: மிளா வேட்டையின் நேற்றும் இன்றும்

புதியம்புத்தூரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய மட்டும் கரிசல். உளுந்தும் பாசியும் கம்பும் மக்காச்சோளமும் மழையை நம்பி நிற்கிற பூமி. பக்கத்தில்தான் பாஞ்சாலங்குறிச்சி. அங்கே கோட்டை எழுந்ததற்குக் காரணமாக இந்த வட்டாரம் சொல்லிவருவது ஒரு வேட்டைக்கதை. நாய்களுக்கு அஞ்சி ஓடிய முயல் ஓரிடத்துக்கு வந்ததும் திரும்பி நின்று நாய்களையே விரட்டியதாம். இந்த மண்ணுக்கே வீரம் இருக்கிறது என்று கட்டபொம்மனின் முன்னோர் அங்கே கோட்டை கட்டினார்களாம். கதை உண்மையோ இல்லையோ, கரிசல் வேட்டை எப்படிப்பட்டது என்பதை அது சரியாகச் சொல்லிவிடுகிறது: மறைவில்லாத வெளி, வேகமான நாய், அதைவிட வேகமான முயல்.

மேற்கே மலையில் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். சிப்பிப்பாறை நாயும் கன்னி நாயும் கண்ணால் பார்த்துத் துரத்துபவை. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத சரிவுக்காட்டில் அந்த ஓட்டத்துக்கு வேலையில்லை. அங்கே இருப்பது முயலின் நூறு மடங்கு எடையுள்ள மிளா. பொதுத்தமிழில் கடமான், நெல்லை, குமரிப் பக்கத்தில் மிளா. துப்பாக்கி வருவதற்கு முன்னால் அந்த மிருகத்தை வில்லோடு நெருங்கியவர்கள் யார்? எப்படி நெருங்கினார்கள்? உலகின் சில மலைகளில் இன்றும் வில்வேட்டை சட்டப்படி நடக்கும்போது இங்கே ஏன் கூடாது? வேட்டை நின்ற பிறகு, அதை நடத்திய அறிவு என்ன ஆயிற்று? இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்விகள் இவை.

மிருகமும் மலையும்

இந்தியாவின் மான்களில் மிகப் பெரியது மிளா. நன்றாக வளர்ந்த கிடா 200 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும், சில 300 கிலோவை எட்டும். ஒவ்வொரு கொம்பிலும் மூன்று முனை. அந்தக் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து புதிதாக முளைக்கும். புள்ளிமானைப் போல் பெருங்கூட்டமாகத் திரியாது. தாயும் குட்டியுமாக இரண்டு மூன்று, கிடா பெரும்பாலும் தனியாக. பகலில் அடர்ந்த காட்டில் படுத்து, பொழுது சாயும்போது எழுந்து, இரவு முழுக்க மேயும். நாள்தோறும் தண்ணீர் வேண்டும். சேற்றில் புரளும், உப்புத்தரையைத் தேடி வரும். ஆபத்து தெரிந்தால் வாலைத் தூக்கி, முன்காலால் தரையை ஓங்கி மிதித்து, காடே அதிரும்படி ஒற்றைக் குரல் கொடுக்கும்.

சரிவு அதற்குத் தடையே இல்லை. மனிதர் கையும் காலும் ஊன்றி ஏறும் இடத்தில் அது நடந்தே போகும். மலையில் வேட்டைக்காரனுக்கு முதல் எதிரி மிளாவின் கண்ணல்ல, மூக்கு. அசையாமல் நிற்கிற ஆளை அது சில சமயம் கவனிக்காமல் கடந்துபோகும். மனித வாடையை ஒருமுறை பிடித்துவிட்டால் அந்த மலைப்பக்கத்துக்கே எளிதில் திரும்ப வராது.

காற்று, சரிவு, அம்பு

துப்பாக்கிக்காரர் 200 மீட்டருக்கு அப்பாலிருந்து சுடலாம். வில்காரர் 20, 30 மீட்டருக்குள் வந்தாக வேண்டும். வில்வேட்டை என்பதன் முழுப் பொருளும் இந்தத் தூர வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது. அந்தக் கடைசி முப்பது மீட்டரைக் கடக்கக் கருவியால் ஆகாது, மலையைப் படித்திருக்க வேண்டும்.

முதல் பாடம் காற்று. இரவில் குளிர்ந்து கனத்த காற்று விடியற்காலை சரிவு வழியாகப் பள்ளத்துக்கு இறங்கும். வெயில் ஏறிப் பாறை சூடானதும் அதே காற்று மேல்நோக்கித் திரும்பும். மாலையில் மறுபடி இறக்கம். ஆகவே விடியலில் மிருகத்துக்குக் கீழே இருப்பவர் அதன் மூக்கிலிருந்து தப்பிப்பார், பத்து மணிக்கு மேல் மேலே இருப்பவர் தப்பிப்பார். இடையில் காற்று திசை மாறும் அரைமணி நேரம் யாருக்கும் உத்தரவாதம் இல்லாதது. பள்ளத்தாக்குகள் கூடும் இடத்தில் காற்று சுழலும், அங்கே எந்தக் கணக்கும் நிற்காது. அமெரிக்காவின் ராக்கி மலையில் எல்க் என்னும் பெரிய மானைத் தேடிப்போகும் இன்றைய வில்வேட்டைக்காரர் சிறு குப்பியில் மாவுத்தூளை வைத்துக்கொண்டு அடிக்கடி தூவிப் பார்ப்பது இதற்காகத்தான்.

இரண்டாவது, சரிவின் கணக்கு. மலையில் மேலிருந்து கீழே எய்யும்போது அம்பு குறிக்கு மேலே போய்விடும், கீழிருந்து மேலே எய்தாலும் அப்படியே. அம்பைத் தரைக்கு இழுக்கும் விசை கிடைமட்டத் தூரத்துக்கு ஏற்பவே வேலை செய்வதுதான் காரணம். 30 பாகை சரிவில் 40 மீட்டர் தள்ளி நிற்கும் மிருகத்துக்குக் கிடைமட்டத் தூரம் 35 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. 40 என்று நினைத்துக் குறிபார்த்தால் அம்பு முதுகுக்கு மேலே பறக்கும். இன்றைய வேட்டைக்காரருக்கு இதைக் கணித்துச் சொல்லக் கருவி இருக்கிறது. பழைய வில்லாளி சிறுவயது முதல் எய்து எய்துத் தோளாலும் கண்ணாலும் கற்றுக்கொண்டது இதே கணக்கைத்தான்.

மூன்றாவது, ஒலி. கப்பி பொருத்திய இன்றைய வில்லிலிருந்து அம்பு நொடிக்கு ஏறத்தாழ 85 மீட்டர் வேகத்தில் போகிறது. ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர். 40 மீட்டர் தூரத்தில் நாணின் ஓசை மிருகத்தின் காதுக்கு எட்டி, நொடியில் மூன்றில் ஒரு பங்கு கழித்தே அம்பு வந்து சேரும். மிரண்ட மான் குனிந்து பாய அந்த நேரம் போதும். மூங்கில் வில்லின் அம்பு இதைவிட மிகவும் மெதுவாகப் போகும். அதனால்தான் பழைய வில்லாளிகள் இன்னும் அருகில் போனார்கள்.

எய்த பிறகுதான் கடினமான பகுதி. குண்டு அதிர்ச்சியால் சாய்க்கும், அம்பு இரத்தம் இழக்கச் செய்து கொல்லும். இரண்டு நுரையீரலையும் கூரிய அலகு கடந்துவிட்டால் மிருகம் சில நூறு அடி ஓடி விழும். வயிற்றில் பட்டால் மணிக்கணக்கில் வதைபடும். நல்ல அடி என்று தெரிந்தாலும் அனுபவமுள்ளவர் அரைமணி நேரம் அசையாமல் காத்திருப்பார். உடனே துரத்தினால் காயம்பட்ட மிருகம் பள்ளங்கள் தாண்டி ஓடித் தொலைந்துபோகும். பிறகு இலையில் தெறித்த துளி, புரண்ட கல், முறிந்த புல் என்று தடம் எடுத்துப் போக வேண்டும். வில்லை எதிர்ப்பவர்கள் சொல்லும் வலுவான வாதமும் இங்கிருந்தே பிறக்கிறது: தேர்ச்சியில்லாத கையில் வில் என்பது நீண்ட சாவு. பிரிட்டன் வில்லால் மானை வேட்டையாடுவதையே சட்டத்தால் தடுத்திருக்கிறது.

தமிழ் மலைகளில் வில்

கரிசலுக்கும் தாமிரபரணிக்கும் வேட்டை புதிதல்ல. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தபோது இரும்பாலான வாள், ஈட்டிகளோடு அம்புமுனைகளும் கிடைத்தன. 2004இல் இந்தியத் தொல்லியல் துறை அதே மேட்டை மறுபடி தோண்டியபோது ஒரு பானைத் துண்டில் ஒட்டுருவக் காட்சி வெளிப்பட்டது: ஒரு பெண், நெற்கதிர், கொக்கு, முதலை, அவற்றோடு ஒரு மான்.

இலக்கியத்தில் வில்லின் புகழ் வானளாவியது. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூற்றின் 152ஆம் பாட்டு பாடுகிறது. அது புலவர் வன்பரணர் தந்த பெருமை. நடைமுறை வேட்டையை அறிய விரும்புகிறவர் சேக்கிழாரின் பெரியபுராணத்துக்குப் போகலாம். கண்ணப்பராகப் போகும் திண்ணன் முதல் வேட்டைக்குப் புறப்படும் பகுதியில் வலை கட்டுவோர், நாய் பிடிப்போர், காடு கலைப்போர், வில்லாளிகள் என்று ஒரு முழுப் படையே இயங்குகிறது. வலையைக் கிழித்துக்கொண்டு ஓடிய பன்றியை விடாமல் துரத்திப் போய்த் திண்ணன் கொல்வது வில்லால் அல்ல, உடைவாளால். வில் தனியாக வேலை செய்ததில்லை என்பதை 12ஆம் நூற்றாண்டுப் புலவர் நன்றாக அறிந்திருக்கிறார்.

வேட்டை சமூகத்தில் எவ்வளவு ஆழமாக ஊறியது என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். நவராத்திரி முடிவில் பல கோயில்களில் சுவாமி குதிரையேறிப் பரிவேட்டைக்குப் புறப்பட்டு அம்பு எய்கிறார். நீலகிரித் தோடரோ வேட்டையாடாதவர்கள், எருமைப் பாலை நம்பி வாழ்பவர்கள். அவர்களிடையேயும் கருவுற்ற பெண்ணுக்கு ஆண் சிறு வில்லும் அம்பும் செய்து கையில் கொடுப்பதே பிறக்கப்போகும் குழந்தைக்குத் தகப்பன் யார் என்பதை ஊரறியச் செய்யும் சடங்கு. மானுடவியலாளர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகப் பதிந்திருக்கிறார்.

பொதிகைக் காணிக்காரர், வருசநாட்டு மலைப் பளியர், நீலகிரிக் குறும்பர், இருளர் ஆகியோரிடம் மலையறிவு தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தது. எல்லோரும் ஒரே மாதிரி வேட்டையாடியவர்கள் அல்லர். பளியரின் வாழ்வு பெரும்பாலும் கிழங்கும் தேனும். ஆனால் எந்த ஓடையில் எந்த மாதம் மிளா இறங்கும், புழுக்கையின் ஈரம் எத்தனை நாழிகையைச் சொல்கிறது, செந்நாய் துரத்தினால் மிளா ஏன் தண்ணீருக்குள் போய் நிற்கும் என்பதெல்லாம் அவர்கள் எல்லோருக்கும் பொது அறிவு.

துரைமார் காலம்

19ஆம் நூற்றாண்டில் வில்லின் இடத்துக்குத் துப்பாக்கி வந்தது. இலங்கையில் குடியேறிய ஆங்கிலேயர் மிளாவை 'எல்க்' என்றே அழைத்தார்கள். 1848இல் நுவரெலியாவில் பண்ணை போட்ட சாமுவேல் பேக்கர் வேட்டைநாய்க் கூட்டத்தை அங்கே வளர்த்தார். நாய்கள் மிளாவை ஆற்று மடுவில் மடக்க, அவர் இறங்கிக் கத்தியால் முடிப்பார். தம் புத்தகங்களில் பக்கம் பக்கமாக இதை எழுதினார். பிற்காலத்தில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் புகழ்பெற்ற அதே பேக்கர்தான். அவர் பெயரைத் தாங்கும் அருவி ஹோர்ட்டன் சமவெளியில் இருக்கிறது. 1988இல் தேசியப் பூங்காவான அந்தச் சமவெளியில் இன்று மிளாக்கள் வண்டி நிறுத்துமிடம் வரை வந்து சுற்றுலாப் பயணிகள் முன்னால் நிற்கின்றன. துரத்துவது நின்றதும் அந்த மிருகத்தின் அச்சம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை அங்கே நேரில் பார்க்கலாம். பயணிகள் தரும் தின்பண்டமும் நெகிழியும் அதன் வயிற்றுக்குள் போவது புதிய கேடு.

நீலகிரியில் துரைமார்களின் துப்பாக்கி மான்களையும் வரையாடுகளையும் அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனது. பயந்துபோய் அவர்களே 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டைக்கு மூடுபருவமும் உரிமமும் வந்தன. இந்தியாவில் காட்டுயிர்க் காப்புச் சட்டங்களில் முன்னோடியான இதற்கு இன்னொரு முகமும் உண்டு. உரிமம் வாங்கிச் சுட்ட துரைக்கு அது விளையாட்டு. வலையோடும் கண்ணியோடும் போன மலைக்குடிக்கு அதே செயல் திருட்டு. பசிக்காகக் கொன்றவரைக் குற்றவாளியாக்கி, கொம்புக்காகக் கொன்றவரைக் கனவானாக்கிய அந்தப் பாகுபாட்டின் கசப்பு இன்றைய வனத்துறைக்கும் மலைமக்களுக்கும் நடுவே இன்னும் முழுதாகத் தீரவில்லை.

தெற்கே சிங்கம்பட்டி, சிவகிரி போன்ற ஜமீன்களுக்கு மலைக்காடு சொந்தமாக இருந்தது, அந்தக் காட்டு வேட்டையும் அவர்கள் கையில் இருந்தது. சிங்கம்பட்டிக் காட்டில் ஒரு பகுதி 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போய் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டமாயிற்று. மிளா மேய்ந்த சரிவுகளில் கணிசமானவை வேட்டையால் மட்டுமல்ல, இப்படியும் கைமாறின.

வேடரின் அம்பும் கொல்லனின் வாசலும்

தமிழருக்கு மிக அருகில், 20ஆம் நூற்றாண்டு வரை வில்லே வாழ்வாக இருந்தவர்கள் இலங்கை வேடர்கள். 1681இல் வெளிவந்த ராபர்ட் நாக்ஸின் நூலில் ஒரு செய்தி உண்டு. அம்பலகு தேவைப்படும் வேடர் இரவோடு இரவாகக் கொல்லன் பட்டறைக்கு வந்து, வேண்டிய வடிவத்தில் வெட்டிய இலையையும் இறைச்சியையும் தொங்கவிட்டுப் போவார். கொல்லன் அதே அளவில் இரும்பை அடித்து வைத்தால் மறுபடி இறைச்சி வந்து சேரும். இருவரும் முகம் பார்க்காமலே நடந்த வாணிபம் அது. 1911இல் செலிக்மன் தம்பதியர் வேடர் பற்றி எழுதிய நூல் அந்த வில்லையும் வேட்டையையும் கடைசியாக முழுமையாகப் பதிந்த ஆவணங்களில் ஒன்று.

1983இல் அவர்களுடைய வேட்டைக்காடு மாதுறு ஓயா தேசியப் பூங்காவானது. தம்பானை வேடர்களின் தலைவர் ஊருவரிகே திசாஹாமி 1998இல் இறக்கும் வரை அந்தக் காட்டுக்கான உரிமைக்காகக் குரல் கொடுத்தார். காட்டைக் காக்க வேண்டும் என்பது நியாயம். அதைப் பல நூற்றாண்டு காலம் அறிந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டுக் காக்கலாம் என்று நினைத்ததில் நியாயம் இல்லை.

கடல் கடந்த மிளா, காட்டிலிருந்து வந்த இஷி

நம் மிளாவை வில்லால் வேட்டையாடுவது இன்று சட்டப்படி நடக்கும் மலை ஒன்று உண்டு, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில். 1860களில் குடியேறிகள் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுபோய் விட்ட மிளாக்கள் அங்கே செங்குத்தான மலைக்காடுகளில் பெருகின. துரத்தப் புலியும் இல்லை, செந்நாயும் இல்லை. இப்போது அந்த மாநிலத்தில் ஆண்டுக்கு லட்சத்துக்கு மேற்பட்ட மான்கள் வேட்டையாடப்படுகின்றன, பெரும்பங்கு மிளா. ஆண்டு முழுவதும் தேடிப்போய் வேட்டையாடலாம். வில்லுக்கும் அனுமதி உண்டு, அதற்குக் குறைந்தபட்ச இழுவிசை விதி உண்டு. அங்கே ஓடைகளையும் இளங்காட்டையும் அழிக்கும் தொல்லை மிருகம், இங்கே 2008 முதல் உலக அளவில் அழியும் ஆபத்துக்குரியதாகப் பட்டியலிடப்பட்ட மிருகம். இரண்டும் ஒன்றேதான்.

அமெரிக்காவின் கதை வேறு. வெள்ளையர் வருகைக்குப்பின் எல்க் மான்களின் தொகை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் கீழே விழுந்தது. இன்று ஏறத்தாழ பத்து லட்சம். இடையில் 1937இல் வந்த ஒரு சட்டம் வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போட்ட வரியை முழுக்கக் காட்டுயிர் மீட்புக்கே ஒதுக்கியது. 1972இல் அந்த வரி வில்லுக்கும் அம்புக்கும் நீண்டது. செப்டம்பரில் கிடாக்கள் சீழ்க்கை போல் நீளமாகக் கூவும் பருவத்தில் வில்வேட்டைக்காரர் அதே குரலில் பதில் கூவி அவற்றை அருகே வரவழைக்கிறார்கள். விழுந்த மிருகத்தின் இறைச்சி நூறு கிலோவுக்கு மேல், அதை முதுகில் சுமந்து பலமுறை மலையிறங்க வேண்டும். இறைச்சியை வீணாக்குவது பல மாநிலங்களில் குற்றம்.

அந்த வில்வேட்டைக்கு அமெரிக்காவில் மறுபிறவி தந்தவர் ஒரு பழங்குடி. 1911இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில், தம் யாகி இனம் முழுக்கக் கொல்லப்பட்டு அழிந்த பின் தனியாளாகக் காட்டிலிருந்து வெளியே வந்தார் இஷி. பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் வாழ்ந்த அவரிடம் மருத்துவர் சாக்ஸ்டன் போப் வில் செய்யவும், பதுங்கவும், மானை அழைக்கவும் கற்றார். 1916இல் காசநோயால் இஷி இறந்தார். 1923இல் போப் எழுதிய புத்தகத்தைப் படித்து ஒரு தலைமுறையே வில்லெடுத்தது. 1961இல் அமைந்த வில்வேட்டையர் கழகம் போப், அவரோடு வேட்டையாடிய ஆர்தர் யங் இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. அறிவைக் கொடுத்த இஷியின் பெயர் அதில் இல்லை. அறிவை எடுத்துக்கொண்டு அறிந்தவரைக் கைவிடுவது எல்லா நாட்டிலும் நடந்திருக்கிறது.

இங்கே ஏன் கூடாது

அமெரிக்கா 1972இல் அம்புக்கு வரி போட்டுக்கொண்டிருந்தபோது இந்தியா காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. முதலில் சில விலங்குகளுக்கு உரிமத்தோடு வேட்டை இருந்தது, 1991 திருத்தம் அதையும் நீக்கியது. சட்டத்தின் பார்வையில் சுருக்கு வைப்பதும், இரை போட்டு அழைப்பதும், விரட்டுவதும்கூட வேட்டையே. பழங்குடிகளுக்கு நிலத்தையும் காட்டுப் பொருளையும் உரிமையாக்கிய 2006 வன உரிமைச் சட்டமும் வேட்டையைத் தெளிவாக விலக்கியே வைத்தது. நிக்கோபார்த் தீவுப் பழங்குடிகளின் வேட்டை உரிமையை மட்டும் 1972 சட்டம் தொடவில்லை.

வெளிநாட்டைக் காட்டி, உரிமம் கொடுத்து வரி வாங்கினால் காடும் பிழைக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வாதம் மேற்குத் தொடர்ச்சி மலையில் நிற்காது. ராக்கி மலையின் பெரும்பகுதியில் ஓநாயை அழித்துவிட்டு அதன் இடத்தில் மனிதர் உட்கார்ந்தார்கள். விக்டோரியாவில் அந்த இடத்தில் யாருமே இருந்ததில்லை. இங்கே களக்காடு முண்டந்துறையிலும், 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்திலும் புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றும் இன்னும் வேலை செய்கின்றன. ஒரு புலிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஐம்பது இரை வேண்டும். அந்த ஐம்பதை அழியாமல் தர ஐந்நூறு இரைவிலங்குகள் காட்டில் இருக்க வேண்டும் என்பது உல்லாஸ் கரந்த் போன்ற அறிஞர்கள் ஆய்ந்து சொன்ன கணக்கு. புலி மிகவும் விரும்பும் இரை மிளா. மனிதருக்கென்று எடுத்துவைக்க அந்தப் பந்தியில் மிச்சம் எதுவும் இல்லை.

வில் போனது, சுருக்கு வந்தது

சட்டம் வந்ததும் கொலை நின்றுவிடவில்லை. அது கைமாறியது. இன்று மிளாவைக் கொல்வது பெரும்பாலும் கம்பிச் சுருக்கு. பைக் பிரேக் கேபிளும் கிளட்ச் கேபிளும் போதும். வைத்தவர் வீட்டில் தூங்கும்போது அது காட்டில் விழித்திருக்கும். கிடா, சினைமான், சிறுத்தை என்று தரம் பார்க்காது. சில வைத்த இடமே மறந்துபோய் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். பழத்துக்குள் வெடிமருந்து வைக்கும் அவுட்டுக்காய் இன்னும் கொடியது. பன்றிக்கு வைத்தது யானையின் வாயைப் பிளக்கிறது. 2020 மே மாதம் பாலக்காட்டில் கருவுற்ற யானை ஆற்றில் நின்றபடியே இறந்ததை நாடே பார்த்தது.

வில்லாளிக்குக் காற்றும் தடமும் பருவமும் தெரிய வேண்டியிருந்தது. குட்டியோடு வரும் மானை அவன் கண்ணால் பார்த்தான். எய்வதா விடுவதா என்று ஒரு கணம் முடிவு செய்தான். சுருக்குக்கு அந்தக் கணம் கிடையாது. அறிவு தேவைப்படாத கொலைதான் காட்டுக்கு மிகப் பெரிய ஆபத்து.

கரிசலுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் வேலிக்கருவைப் புதர்களில் தங்கும் காட்டுப்பன்றிகள் மக்காச்சோளத்தையும் கடலையையும் ஒரே இரவில் உழுதுவிடுகின்றன. கடன் வாங்கி விதைத்தவரின் கோபம் நியாயமானது. 2025 ஜனவரியில் தமிழக அரசு காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையே சுடலாம் என்று முடிவெடுத்தது. அதைச் செய்யவும் தடம் எடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும். எந்த ஓடைப்புதரில் படுக்கிறது, எந்த வரப்பில் ஏறுகிறது, குட்டியோடு வருகிறதா என்று தெரியாமல் துப்பாக்கியை மட்டும் அனுப்பிப் பயனில்லை. அந்த ஆள் கிடைக்காத ஊரில்தான் மின்வேலியும் வெடியும் வைக்கப்படுகின்றன. புதியம்புத்தூரிலிருந்து எட்டும் தூரத்தில் 1987 முதல் வெளிமானுக்கென்றே சரணாலயமாக உள்ள வல்லநாட்டுக் குன்று இருக்கிறது. பன்றிக்கு வைத்தது அந்த மானையும் எடுத்துவிடக்கூடும்.

அறிவுக்கு வேலை கொடுத்த இடங்கள்

வேட்டையை நிறுத்திய பின் வேட்டையறிவை என்ன செய்வது என்பதற்கு நல்ல விடைகள் நம்மிடையே உண்டு. பாம்புத்தோல் வியாபாரம் சட்டவிரோதமானதும் பிழைப்பிழந்த இருளர்களோடு சேர்ந்து பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேகர் 1978இல் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தோலுக்காகப் பிடித்த கை நஞ்செடுக்கப் பிடித்தது. நாடெங்கும் பாம்புக்கடி மருந்து தயாரிக்க அந்த நஞ்சு போகிறது. அந்தச் சங்கத்தின் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய் அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் காட்டினார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

தேக்கடியில் 1990களில், காட்டில் வயணா என்னும் மரத்தின் பட்டையை உரித்துக் கடத்தியவர்களே வழக்குகளிலிருந்து விடுபட்டு, காவலர்களாகவும் பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் மாறினார்கள். அருணாசலப் பிரதேசத்தின் பக்கேயில் 2011 முதல் நிஷி இன முன்னாள் வேட்டைக்காரர்கள் இருவாச்சிக் கூடுகளுக்குக் காவல் இருக்கிறார்கள். 2021இல் கூடலூர், மசினகுடி பகுதியில் டி23 என்ற புலியை 21 நாள் தேடி உயிரோடு பிடித்தபோது டிரோனும் கேமராவும் இருந்தும், சேற்றில் பதிந்த தடத்தைப் படிக்கப் பழங்குடித் தடம்பார்ப்போர் தேவைப்பட்டார்கள். வில்லே வேறு வழியில் போனதும் உண்டு. ராஜஸ்தானின் பழங்குடிச் சிறுவனாக மூங்கில் வில்லோடு வளர்ந்த லிம்பா ராம் இந்தியாவுக்காக ஒலிம்பிக்கில் எய்தார்.

திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன் வாழ்நாள் முழுவதும் கேமராவோடு காட்டில் நடந்து, மிளாவையும் யானையையும் அருகிருந்து படமெடுத்தார், எழுதினார். குன்னூர் வழக்கறிஞர் ஈ. ஆர். சி. தவிதார் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு மலைமலையாக ஏறி வரையாடுகளை எண்ணினார். அருகில் போவதில் கிடைக்கும் இன்பத்துக்குக் கொலை கட்டாயம் அல்ல என்பதற்கு அவர்கள் வாழ்க்கையே சான்று.

இப்போது செய்ய வேண்டியவை தெளிவானவை. 2006 முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பு, தடத்தையும் எச்சத்தையும் நடந்து பார்த்துப் பதிவதில்தான் தொடங்குகிறது. சுருக்கைத் தேடி எடுப்பதும் அதே கண்ணால்தான் முடியும், ஏனென்றால் மிளா நடக்கும் வழி தெரிந்தவருக்கே சுருக்கு இருக்கும் இடம் தெரியும். இந்த வேலையைச் செய்யும் வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பலர் மலைக்குடி இளைஞர்கள், பணி நிரந்தரமின்றித் தொகுப்பூதியத்தில் மழையிலும் அட்டையிலும் நடப்பவர்கள். அவர்களை நிரந்தரப் பணியாளர்களாக்க வேண்டும். முதியவர்களின் தடமறிவைக் காணிக்காரர், பளியர் குடியிருப்புகளுக்கே போய், அவர்கள் ஒப்புதலோடு, அவர்கள் பெயரோடு பதிய வேண்டும். வைகை அணை வனப் பயிற்சிக் கல்லூரியில் அவர்களையே ஆசிரியர்களாக அமர்த்தி, வகுப்பெடுக்கும் நாளுக்குரிய சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். கரிசலில் பன்றியால் பயிரிழந்தவருக்கு இழப்பீடு அந்தப் பருவம் முடிவதற்குள் கையில் சேர வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. வரும் நிதியாண்டின் வனத்துறை மானியக் கோரிக்கையிலேயே இவற்றுக்குப் பணம் ஒதுக்கலாம்.